பட்டுவின் பத்தியம்

20 ஜனவரி 1986, திங்கள்

ஆபீசுக்கு வந்த புது வருட டைரிகள் மேனேஜர், கணக்கர், டிரைவர்கள் எல்லாருக்கும் போய், கடைசியில் ஒன்று என் மேஜைக்கும் வந்தது. பூட்டுக்கடைக்காரர் கொடுத்தது. அட்டையில் மாங்காய்ப் பூட்டுப் படம். இதே மாதிரி ஒரு பூட்டைத்தான் போன ஆவணியில் அறிவுக்கு வாங்கிக் கொடுத்தேன். வெளியூரில் குடித்தனம் வைக்கப் போகிறவர்களுக்குப் பாத்திரத்தோடு ஒரு பூட்டும் வைத்துக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

பத்தொன்பது பக்கம் சும்மா போய்விட்டது. போகட்டும். லாரி புக்கிங் ஆபீசில் டைப் அடிக்கிறவளுக்கு அந்தப் பத்தொன்பது நாளில் எழுத என்ன இருந்தது? இன்றைக்கு இருக்கிறது. பட்டு கொய்யாவில் பாதியை மிச்சம் வைத்துவிட்டது.

பட்டு, அறிவுச்செல்வியின் கினிப் பன்றி. அறிவு என் அக்கா மகள். ஆத்தூரிலிருந்து திண்டுக்கல் வந்து என்னோடு மூன்று வருஷம் தங்கி பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தாள். காலேஜ் லேபில் மிஞ்சிப்போன இந்தப் பிராணியை ஒருநாள் தாவணி முனையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். "ஒரு ஓரமாக் கெடக்கும் சித்தி" என்றாள். தெருவே வந்து பார்த்தது. சீமை எலி என்று பெயர் வைத்தது. முடி அப்படி மினுங்கியதால் இவள் பட்டு என்றாள். அவள் கல்யாணமாகி, மாப்பிள்ளைக்கு உருக்காலை வேலை என்று வடக்கே பிலாய் போனபோது, ரயிலில் இதெல்லாம் ஏற்ற விடமாட்டார்கள் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். பட்டு என்னிடம் நின்றுவிட்டது.

நான் வாசல் கொண்டியைத் தூக்கினாலே விசில் அடிக்கிற ஜென்மம் அது. இன்று அடிக்கவில்லை.

27 ஜனவரி, திங்கள்

பின்னங்கால் இழுக்கிறது. முட்டி லேசாக வீங்கியிருக்கிறது. கை வைத்தால் சுருங்குகிறது. கீழே விழுந்ததா என்று மாயம்மாளைக் கேட்டேன். பக்கத்து வீடு, பகலில் சாவி அவளிடம்தான் இருக்கும், இங்கே எட்டிப் பார்ப்பவள் அவள்தான். "நான் தொடக்கூட இல்லக்கா" என்று சத்தியம் பண்ணினாள். நான் குற்றம் சொல்லவே இல்லையே.

2 பிப்ரவரி, ஞாயிறு

பட்டுவைக் கூடையில் வைத்து, மேலே பழைய சுங்குடிச் சேலைத் துணியை மூடி, சித்தையன்கோட்டை பஸ் ஏறினேன். எலும்பு வைத்தியர் சடையாண்டியைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன் என் மணிக்கட்டை நேராக்கியவர் அவர்தான். வாசலில் கால் கட்டோடு நாலு பேர், காளையோடு ஒருத்தர். அவர்களுக்கு நடுவில் நான், கூடையில் எலி. சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அவர் சிரிக்கவில்லை. "ஆட்டுக்கால்னாலும் ஆள்கால்னாலும் எலும்பு எலும்புதான தாயி" என்று மடியில் வாங்கிக்கொண்டார். அந்தப் பெரிய விரல்கள் அத்தனை மெதுவாகத் தடவும் என்று நினைக்கவில்லை. எலும்பில் ஊறல், நீர் கோத்திருக்கிறது என்றார். எண்ணெய் கொடுத்தார். "பத்தியம் முக்கியம். புளிப்பு ஆகாது. பச்சையா எதுவும் ஆகாது, குளிர்ச்சி எலும்புல எறங்கிரும். எல்லாத்தையும் வேகவச்சுக் குடு. ஒரு மண்டலம்."

பத்தியம்தானே! அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது உப்பில்லாமல் ஆக்கிப் போட்டே எழுப்பி உட்காரவைத்தவள் நான். நாற்பத்தெட்டு நாள் எனக்குத் தூசி.

9 பிப்ரவரி, ஞாயிறு

நேற்று அறிவிடமிருந்து இன்லண்ட் லெட்டர். எப்போதும் போலத்தான். நான் நலம், அவரும் நலம், இங்கே குளிர் அதிகம். அப்புறம் முக்கால் பக்கம் பட்டு. என்ன தின்கிறது, எடை கூடியதா, தன்னைக் காணாமல் தேடுகிறதா. முடிவில் ஒரு வரி: "கூண்டைத் திறந்து விடுங்கள் சித்தி. நாள் முழுக்க அடைத்து வைக்காதீர்கள்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் அடைத்தா வைத்திருக்கிறேன்? சாயந்தரம் வந்ததும் முதல் வேலையே கூண்டைத் திறந்து விடுவதுதான். இவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

பதில் போட்டுவிட்டேன். பட்டு நலம், நன்றாகத் தின்கிறது. காலைப் பற்றி எழுதவில்லை. அவ்வளவு தூரத்தில் இருப்பவளைக் கலங்கடித்து என்ன ஆகப்போகிறது? ஒரு மண்டலத்தில் சரியாகிவிடப் போகிறது.

19 பிப்ரவரி, புதன்

காலையில் கேழ்வரகுக் கஞ்சி. மதியம் முருங்கைக்கீரையைக் குழைய வேகவைத்து, தண்ணீரை இறுத்து, ஆறவைத்து. சாயந்தரம் வெந்த கேரட். அருகம்புல்லை அடியோடு நிறுத்திவிட்டேன். கொய்யா கிடையாது. ஒரு தடவை என் விரலில் கொத்தமல்லி வாசனை இருந்திருக்கிறது. விரலை விடாமல் நக்கியது. மனசு கேட்கவில்லை. ஆனாலும் கையைக் கழுவிக்கொண்டேன்.

மாயம்மாள், "ஒங்க கையில மாட்டுன சீக்காளி தப்பிக்கவே முடியாதுக்கா" என்றாள். பெருமையாகத்தான் இருந்தது.

3 மார்ச், திங்கள்

நடப்பதில்லை. வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. தூக்கினால் கத்துகிறது. அந்தச் சத்தத்தை இதற்கு முன் நான் கேட்டதில்லை.

போன வாரம் பாவம் பார்த்து ஒரே ஒரு மல்லித்தழை கொடுத்தேன். அதனால்தான் இருக்கும். பத்தியத்தை நான்தான் முறித்துவிட்டேன். இனி ஒரு இலை கிடையாது.

9 மார்ச், ஞாயிறு

கஞ்சிக் கிண்ணத்தில் ரத்தம். ஈறிலிருந்து வருகிறது. இரண்டு சொட்டுதான், ஆனால் ரத்தம். நாளைக்கு மாட்டாஸ்பத்திரி.

10 மார்ச், திங்கள்

ஆபீசுக்கு லீவு. சேவியர் என்று ஒரு இளவயசு டாக்டர். வரிசையில் பசு, கன்று, ஒரு நாய். எங்கள் முறை வந்ததும் கூடைக்குள் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உள்ளதச் சொல்றேம்மா. படிக்கிறப்ப லேபுல பாத்ததோட சரி. வைத்தியம் பாத்ததில்ல. ஒரு நாள் டைம் குடுங்க, புஸ்தகத்தப் பாத்துட்டுச் சொல்றேன்."

தெரியாது என்று சொல்கிற டாக்டரை இன்றுதான் பார்த்தேன். நம்பிக்கை வந்தது.

11 மார்ச், செவ்வாய்

எப்படி எழுதுவது? எழுதித்தான் ஆகவேண்டும்.

டாக்டர் கேட்டார், என்ன தீனி கொடுக்கிறீர்கள் என்று. நான் வரிசையாகச் சொன்னேன். பெருமையோடுதான் சொன்னேன். கஞ்சி, வெந்த கீரை, வெந்த கேரட். புளிப்பு கிடையாது, பச்சை கிடையாது. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

மாடு, ஆடு, நாய்க்கெல்லாம் 'சி' வைட்டமின் உடம்பிலேயே ஊறுமாம். மனுஷனுக்கும் இந்தப் பிராணிக்கும் ஊறாதாம். தின்றுதான் ஆகவேண்டும். பச்சைத் தழையிலும் கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் இருக்கிறது. வேகவைத்தால் போய்விடும். அது இல்லாவிட்டால் ஈறு கசியும், முட்டி வீங்கும், எலும்பு நோகும்.

"எத்தன நாளாப் பச்சையே இல்லாம இருக்கு?"

முப்பத்தேழு நாள். நாள் கணக்கு என் விரல் நுனியில் இருந்தது.

அய்யோ, கேட்டுச்சே அது. வெரல நக்குச்சே. வாயில்லாத ஜீவன் வேற எப்படிக் கேக்கும்? கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்தேனே நான். ஒரு மல்லித்தழ குடுத்ததுக்கு வருத்தப்பட்டு இதே டைரியில எழுதி வச்சிருக்கேனே.

மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். வாய் வலியில் மெல்ல முடியாது, மசித்துப் புகட்டுங்கள் என்றார். ஸ்பூன் பெரிது. அறிவு விட்டுப்போன இங்க் ஃபில்லரை வெந்நீரில் ஏழு தடவை அலசினேன். நீலம் போகும்வரை அலசினேன்.

16 மார்ச், ஞாயிறு

சித்தையன்கோட்டைக்குப் போய் அத்தனை பேர் முன்னால் சடையாண்டியைப் பார்த்துக் கத்தினேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "மனுசனுக்குச் சொல்றதத்தான் தாயி இதுக்கும் சொன்னேன். சின்ன உசுரு, கேட்டுச் சொல்லிருக்கணும்."  கட்டுப் போட வந்தவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள்.

திரும்பும்போது செம்பட்டி வரை அழுதுகொண்டே வந்தேன். அவர் சொன்னது ஒரு தடவை. நாள் தவறாமல் வேகவைத்தது யார்?

27 மார்ச், வியாழன்

ரத்தம் நின்று பத்து நாளாகிறது. ஈறு தேறியிருக்கிறது. பட்டு நாலு அடி நடந்தது. கூண்டிலிருந்து அரிசி டின் வரை. நான் கை தட்டினேன், பைத்தியக்காரி மாதிரி.

ஆனால் இன்று டாக்டர் தன் நண்பரின் கிளினிக்கில் எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பெல்லாம் வெளிறிப்போய், கோடு மங்கிக் கிடக்கிறது. தாடை எலும்பும் அப்படித்தான். இது பத்தியத்தால் மட்டும் வந்ததில்லையாம். எலும்பு கரைகிற வியாதி முன்னாலேயே இருந்திருக்கிறது. ஜனவரியில் கால் இழுத்தது அதனால்தான். "நீங்க குடுத்த பத்தியம் அதத் தள்ளிவிட்ருச்சு, அம்புட்டுதான். பத்தியம் இல்லேன்னாலும் இந்த வியாதி இருந்திருக்கும்."

குணமாகுமா என்று கேட்டேன். இல்லை என்றார். வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம், பசி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இதற்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், தாடை வளைவதால் ஒன்றோடொன்று சேராது, இனி தானாக மெல்லாது. எத்தனை நாள் என்று கேட்கவில்லை.

அவர் சொன்னது ஆறுதலுக்கா, உண்மையா? தள்ளிவிட்டது நான்தான். அது மட்டும் நிச்சயம்.

14 ஏப்ரல், திங்கள்

வருஷப் பிறப்பு. பாயசம் வைக்கவில்லை. மாயம்மாள் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள்.

ஒரு நாளைக்கு ஐந்து வேளை. விடிந்ததும் ஒன்று, ஆபீஸ் கிளம்புமுன் ஒன்று, மதியம் ஓடிவந்து ஒன்று, வந்ததும் ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று. கொல்லை முருங்கையில் கொழுந்தாகக் கிள்ளி, கொத்தமல்லியோடு சின்ன உரலில் பச்சையாக இடித்து, சாறோடு மசித்து, ஃபில்லரில் இழுத்து, வாயின் பக்கவாட்டில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். நேராக விட்டால் புரை ஏறும். அவசரப்பட்டால் தலையைத் திருப்பிக்கொள்ளும். அது விழுங்கும்போது தொண்டையில் ஒரு சின்ன அசைவு தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் அடுத்த சொட்டு. ஒரு வேளைக்கு அரை மணி நேரம் ஆகிறது. மூக்குக் கண்ணாடி வாங்கவேண்டும் போலிருக்கிறது.

வலிக்கிற நாளில் பல்லைக் கடகடவென்று ஆட்டும். அப்போது உமியை வாணலியில் சூடு காட்டி, துணிப்பையில் கட்டி வயிற்றுக்கடியில் வைப்பேன். சுங்குடித் துணியால் போர்த்துவேன். நூல் பஞ்சாகத் தேய்ந்த துணி, காலில் உறுத்தாது. செத்த நேரத்தில் ஆட்டம் நிற்கும். கண்ணை மூடாமலே தூங்கும்.

வாய் வலியிலும் என்னைக் கடித்ததில்லை. ஒரு தடவை கடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

30 ஏப்ரல், புதன்

அறிவு கடிதம். நான் நலம். அவர் நலம். வெயில் தாங்கவில்லை. பட்டுவுக்கு ஈரத்துணி போட்டு வையுங்கள். பட்டு இன்னும் விசில் அடிக்கிறதா? வெளியே விடுகிறீர்களா? வாசல் வரை வருகிறதா?

எட்டு மாதமாக ஒரே கடிதம். சினிமா போனேன், பக்கத்து வீட்டில் பழகினேன், கோயில் பார்த்தேன் — ஒன்றும் கிடையாது. ஐந்து வரியில் குடும்பத்தை முடித்துவிட்டு எலிக்குத் தாவிவிடுகிறாள். எம்.எஸ்ஸி. படிக்கிறேன் என்று நின்றவளை, நிரந்தர வேலை, குவாட்டர்ஸ், இதைவிட என்ன வேண்டும் என்று பிடித்துத் தள்ளியது நான்தான். அக்காவுக்கே தூரம் என்று யோசனை இருந்தது. அந்தக் கோபமோ என்னவோ.

பதில்: பட்டு நலம். விசில் அடிக்கிறது.

8 மே, வியாழன்

எழுதவில்லை இத்தனை நாள். கை ஒழியவில்லை.

22 மே, வியாழன்

இன்று காலை நான் கொண்டியைத் தூக்கியபோது பட்டு விசில் அடித்தது. நாலு மாதத்துக்குப் பிறகு. தாடை கோணி இருப்பதால் சத்தம் உடைந்து, காற்றாகத்தான் வந்தது. ஆனால் அடித்தது.

இதை அறிவுக்கு எழுதவேண்டும் என்று பேனாவை எடுத்தேன். எப்படி எழுதுவது? 'விசில் அடிக்கிறது' என்று போன மாதமே எழுதிவிட்டேனே. பொய்யை முதலில் எழுதியதால் நிஜத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது.

உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். கால், பத்தியம், விரலை நக்கியது, கையைக் கழுவியது, ரத்தம், எக்ஸ்ரே. உன் பட்டுவை நான் பாழாக்கிவிட்டேன், இத்தனை மாதம் உன்னிடம் பொய் சொன்னேன், என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு என்று. மதியமே பெட்டியில் போட்டுவிட்டேன். வீட்டில் வைத்திருந்தால் சாயந்தரத்துக்குள் கிழித்திருப்பேன்.

9 ஜூன், திங்கள்

பதில் வந்தது. இன்லண்ட் இல்லை, நோட்டுத்தாள், வேறு யாரோ கையெழுத்தில் முகவரி போட்ட கவர்.

திட்டவில்லை.

"சித்தி, நீங்க உண்மைய எழுதிட்டீங்க. படிச்சிட்டு ரொம்ப நேரம் அழுதேன். இனிமே நானும் மறைக்கல. அவர் அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார். ஷிப்ட்டுக்குப் போறப்ப என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போவார். வந்துதான் திறப்பார். இங்க வந்த முதல் வாரத்துலேருந்தே இப்படித்தான். எல்லா லெட்டரையும் அவர் படிச்சுட்டுத்தான் போடுவார். இதை ஜன்னல் வழியாப் பக்கத்து வீட்டம்மாகிட்டக் குடுத்திருக்கேன். நீங்க குடுத்த பூட்டுதான் சித்தி."

பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் பரப்பினேன். கூண்டைத் திறந்து விடுங்கள் சித்தி. வெளியே விடுகிறீர்களா? வாசல் வரை வருகிறதா?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று ஊருக்கெல்லாம் தெரியும். டைப் ஹையர் பாஸ். என்ன படிச்சுக் கிழிச்சேன்?

10 ஜூன், செவ்வாய்

ஆத்தூர் போனேன். அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பிறகு, "ஆடி கழியட்டும், பெரியவங்களக் கூட்டிப் பேசுவோம். அடிக்கலேல்ல?" என்றாள். பொறுமையாக இருக்கச் சொல்லி ஒரு லெட்டர் போடலாமா என்றாள்.

பொறுமை. ஒரு மண்டலம் என்று எனக்கும் ஒருவர் சொன்னார். நானும் நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நான் போறேன். யாரு வந்தாலும் வராட்டியும் வியாழக்கெழம போறேன்" என்றேன். அக்காவின் வீட்டுக்காரர் குருசாமி அத்தான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு டிக்கெட் எடுக்கக் கிளம்பினார்.

11 ஜூன், புதன்

போக இரண்டரை நாள், வர இரண்டரை நாள். எட்டு நாள் ஆகும். எட்டு நாளுக்கு நாற்பது வேளை.

டாக்டர் சேவியரிடம் கேட்டேன், ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள முடியுமா என்று. ஐந்து வேளை உட்கார்ந்து புகட்ட ஆளில்லை என்றார். பிறகு சொன்னார், "கை மாறினா ஒழுங்கா எடுத்துக்காதும்மா. உள்ளதச் சொல்லணும்ல." இந்த ஆள் எப்போதும் உள்ளதைச் சொல்கிறார்.

மாயம்மாளை உட்காரவைத்துப் பழக்கினேன்.  முதல் தடவை பட்டு வாயைத் திறக்கவே இல்லை. மூன்றாவது தடவை பாதி குடித்தது. "நான் பாத்துக்கிறேன்க்கா, நீங்க பிள்ளையக் கூட்டிட்டு வாங்க" என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

12 ஜூன், வியாழன்

காலை ஆகாரம் நான் கொடுத்தேன். முழுசாகக் குடித்தது. துணியில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தேன், அத்தான் வந்து வாசலில் நிற்கும்வரை. காதுக்குப் பின்னால் தடவினால் உர்ரென்று ஒரு சத்தம் வரும், அது வந்தது. உன்னை விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொன்னேன். அவளைக் கூட்டி வரத்தான் போகிறேன் என்றும் சொன்னேன். அதற்கு என்ன புரியும்?

16 ஜூன், திங்கள். பிலாய்

நேற்று வந்தோம். இன்றுதான் எழுத முடிகிறது.

கதவில் பூட்டு. திண்டுக்கல்லில் கடைக்காரர் முன்னால் இழுத்து இழுத்துப் பார்த்து நான் வாங்கின அதே பூட்டு. எந்தக் கள்ளச்சாவிக்கும் திறக்காதா என்று மூன்று தடவை கேட்டு வாங்கினேன்.

ஜன்னலைத் தட்டினேன். அறிவு வந்தாள். எப்படி இருந்த பெண்! கம்பிக்குள் கையை விட்டு முகத்தைத் தொட்டேன். அவள் முதலில் கேட்டது, "பட்டுவ யாரு பாத்துக்கிறா சித்தி?"

ஷிப்ட் முடிகிறவரை இரண்டு மணி நேரம் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவள். அத்தான் வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மகள் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சைக்கிளில் வந்தார். எங்களைப் பார்த்ததும் சிரித்தார். "புது ஊரு மாமா, பாஷை தெரியாது. பாதுகாப்புக்குத்தான்." அத்தான் கையை நீட்டினார். "சாவியக் குடுங்க மாப்ள." அவர் ஏதோ சொல்ல வந்தார். "குடுங்க" என்றார் அத்தான் மறுபடியும். ஆத்தூரில் வாய்க்கால் தகராறிலேயே குரலை உயர்த்தாத மனுஷன்.

அத்தான்தான் திறந்தார். ஒரு பெட்டி, மூன்று சேலை, அவளுடைய காலேஜ் நோட்டு. பூட்டை எடுத்துக்கொள்ளவா என்று என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றேன்.

20 ஜூன், வெள்ளி

வீட்டுக்கு வந்தோம். கொண்டியைத் தூக்கினேன். சத்தம் இல்லை.

மாயம்மாள் உள்ளே இருந்து வந்து என் காலில் விழப்போனாள். செவ்வாய்க்கிழமை சாயந்தரம். "திங்கக்கெழமையே சரியாக் குடிக்கலக்கா. மல்லிச்சாறு குடுத்தேன். நாலு சொட்டு எறங்குச்சு. உமி ஒத்தடம் வச்சேன். அப்புறம் என் கையிலயே தலையச் சாச்சிருச்சு." முருங்கை மரத்தடியில் புதைத்திருக்கிறாள், சுங்குடித் துணியோடு.

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் பிள்ளைகளுக்குக்கூட இத்தனை வேளை ஊட்டியிருக்க மாட்டாள்.

அறிவு அழவில்லை. காலியான கூண்டின் கதவைத் திறந்து பார்த்தாள். ஃபில்லரை எடுத்து வெந்நீரில் அலசினாள். துடைத்துப் பேனா டப்பாவில் வைத்தாள். கொல்லைக்குப் போனவள் ரொம்ப நேரம் வரவில்லை.

22 ஜூன், ஞாயிறு

"நீங்க இங்க இருந்திருந்தா பொழச்சிருக்குமா சித்தி?"

முருங்கையடியில் உட்கார்ந்து கேட்டாள். இல்லடி, அதுக்கு விதி முடிஞ்சிருச்சு என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அப்படிச் சொல்வதுதான் வழக்கம்.

"கொஞ்ச நாள் இருந்திருக்கும்" என்றேன். "பத்தியம் வைக்காம இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கும்."

என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். அடக்கவில்லை.

3 ஜூலை, வியாழன்

ஊரில் கேட்கிறார்கள். ஆடிக்கு அழைத்து வந்தீர்களா? ஆடி பிறக்கவே இன்னும் பதினாலு நாள் இருக்கிறதே? இல்லை, வந்துவிட்டாள் என்கிறேன். அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அறிவு பகலில் கதவைச் சாத்துவதே இல்லை. தெருநாய் ஒன்று நேற்று உள்ளே வந்து கஞ்சியைக் குடித்துவிட்டுப் போய்விட்டது.

அதிகாலையில் விழிப்பு வந்துவிடுகிறது. கை முருங்கைக் கொழுந்தைத் தேடிப் போகிறது. பாதி வழியில்தான் ஞாபகம் வருகிறது.

14 ஜூலை, திங்கள்

காலையில் ஆபீஸ் கிளம்பும்போது பழைய பழக்கத்தில் ஆணியிலிருந்து பூட்டை எடுத்தேன். வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, உள்ளே அறிவு தலை சீவிக்கொண்டிருக்கிறாள். ஒரு நிமிஷம் பூட்டோடு நின்றேன். பிறகு உள்ளே போய், பூட்டையும் சாவியையும் அவள் கையில் வைத்தேன்.   வீட்டுக்கு இருக்கிறது அந்த ஒரு சாவிதான்.

சாயந்தரம் வந்தால் கதவில் பூட்டு தொங்குகிறது.

ஜன்னலைத் தட்டப் போனேன். அப்புறம்தான் புரிந்தது, அவள் வெளியே போயிருக்கிறாள். வந்து ஒரு மாதமாகப் போகிறது, தெருமுனை தாண்டாதவள்.

வாசற்படியில் உட்கார்ந்தேன். காபி குடிக்காமல் தலை வலித்தது. மாயம்மாள், "எங்க வீட்டுல வந்து ஒக்காருங்கக்கா" என்றாள். வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்றேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெயிலில் முகம் சிவந்து வந்தாள். காலேஜுக்குப் போய் விலங்கியல் மேடத்தைப் பார்த்தாளாம், லேபில் உதவியாளாக ஒருவர் வேண்டுமாம், எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். கையில் ஒரு கட்டு கொத்தமல்லி. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"மார்க்கெட் வழியா வந்தேன் சித்தி. கை தானா வாங்கிருச்சு."

"இருக்கட்டும், தொவையல் அரைப்போம்" என்றேன்.

நான் எழுந்து வழி விட்டேன். சாவி அவள் இடுப்பில் இருந்தது. அவளே திறந்தாள்.